பதினொரு நாள் ஓட்டம்

தடைக்காலம். ஐஸ் பிளான்ட்டில் வேலை கிடையாது.
கணக்கு மேசையைத் துடைத்து
வரைபடத்தை விரித்தேன்:
பழைய பில்லின் பின்பக்கம், நீலப் பேனா.
மண்டபம் வடக்குத் துறையில் படகுகள்
மூக்கோடு மூக்கு கட்டிக் கிடக்க
நாங்கள் நாலு பேர் மட்டும் கடலில்.

முத்துராக்குவின் வைத்தியச்சி
மூன்றாம் வாரமே செத்துப்போனாள்.
இருபது முகப் பகடை. ஒன்று விழுந்தது.
எண்களை உப்புக்காற்று தின்றிருந்ததால்
ஒன்றா ஏழா என்று சண்டை.
டார்ச் அடித்துப் பார்த்தோம்.
ஒன்றுதான்.

என் உலகத்தில் செத்தவர்கள் தேசம்
மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.
தெற்கே, கொஞ்சம் கிழக்கே ஒதுங்கி,
பதினொரு நாள் ஓட்டம்.
மணல் உண்டு, பனை உண்டு, கிணற்றில் லேசான உவர்ப்பு.
புண்ணியக் கணக்குக் கேட்க ஆளில்லை.
பாய் இருந்தால் போதும்.

சொல்லி வாய் மூடவில்லை,
இன்னாசி கேட்டான்: எத்தனை லிட்டர் டீசல்?
டீசல் இல்லை அண்ணே, இது அந்தக் காலம்.
அப்ப வாடையில போயிரலாம்.
திரும்ப, கச்சான் எழும்புற வரைக்கும் கிடக்கணும்.
ஆறு மாசம் செத்தவங்களோட உக்காந்து
என்னத்தத் திங்கிறது?

அங்கே மீன் உண்டா,
ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

போய்ச் சேர முடியும்னா அது சாவு இல்ல மச்சான்,
வெளியூரு, என்றான் சீனி நைனா.
செத்துப்போனதால் வேலையற்று
கடலை உரித்துக்கொண்டிருந்த முத்துராக்கு
தலை நிமிராமல் சொன்னாள்:
வழி இருக்குன்னா
போகாதவங்க காரணம் சொல்லணும்ல.

ஐஸ் அறைக்குள் எதுவோ சொட்டிக்கொண்டிருந்தது.

இதை நான் யோசித்திருக்கவில்லை.
எட்டாத சொர்க்கத்தில் ஒரு வசதி,
அழுதுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.
எட்டுகிற கரை என்றால்
வீட்டுக்கு வீடு ஒரு பயணம் பாக்கி.

இன்னாசி ஓட்டுகிற படகின் ஜிபிஎஸ்ஸில்
நூற்றுப் பதினான்காம் புள்ளி.
மற்றதெல்லாம் இறால் பாடு, பாறை, மடி கிழிந்த இடம்.
அதற்கு மட்டும் பெயர் போடவில்லை.
மூன்று வருஷம் முன்பு, வலை இழுக்கையில்
ரெமிஜியுஸ் தவறின இடம்.
இரண்டு ராத்திரி சுற்றினார்கள், டீசல் தீர்ந்தது.
துறையிலிருந்து நாலு மணி நேரம். ஏழு பாகம்.
அந்தப் பக்கம் போனால் மடியைத் தூக்கிவிடுவானாம்,
முதலாளிக்குத் தெரியாமல்.
அவன் சொல்லவில்லை.
ஐஸ் ஏற்றுகிற பையன்கள் சொன்னார்கள்.

பதினொரு நாளைக் கடக்க ஒரு மாதம் ஆனது எங்களுக்கு.
நடுவில் இரண்டு புயல், ஒரு கடல்பூதம்,
நைனாவின் தங்கை கல்யாணம்.
ஜூன் பதினான்கு சாயங்காலம் கரை தெரிந்தது.
முழங்கால் தண்ணீரில் இறங்கி நிற்கிறார்கள், என்றேன்,
படகு வரும் நேரத்தில் ஏலக்காரர்கள் நிற்பதுபோல.
நான் கை காட்டுறேன், என்றாள் முத்துராக்கு.
குதிச்சிட்டேன், என்றான் நைனா.
இன்னாசி சொன்னான்: நங்கூரம் போடுறேன்.
இறங்கலயாண்ணே?
எத்தன பாகம், சொல்லு.

என்னிடம் எண் இல்லை.
உருட்டினேன்.
தகரக் கூரையில் காற்று இடித்தது. பகடை நின்றது.
ஒன்றா, ஏழா.
டார்ச் மேசையிலேயே இருந்தது.
யாரும் எடுக்கவில்லை.

வெளியே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்,
டோக்கன் கொடுக்கிறார்களாம்.
எழுந்து போனான்.

விடியற்காலம் ஐஸ் நொறுக்கும் இரைச்சலில்
போன் நடுங்கியது. முத்துராக்கு:
நான் இப்ப என்ன பண்றேன்?
கரையில் நிற்கிறாய், என்று அடித்தேன்.
எவ்வளவு நேரமா?
இன்னாசி படகுக்கு நாற்பது பார்
எண்ணிக்கொண்டிருந்தேன்.
இருபத்தாறு வரை வந்திருந்தது.